கட்டுப்பாட்டுக் கருவிக்குக் கட்டளை எழுதப் பழகுவோம்

நம் சங்கக் கட்டடங்களிலும் அங்கத்தினர்களின் நிலங்களிலும் புதிதாக ஓர் இரும்புப் பெட்டி இடம் பெற்று வருகிறது. கிணற்று மோட்டார், சொட்டு நீர்ப் பாசன வால்வு, பால் குளிர்விக்கும் தொட்டி, சாயத் தொட்டி, பாவு ஓட்டும் டிரம் ஆகியவற்றுள் எதை வாங்கினாலும், அதனுடன் அந்தப் பெட்டியும் வந்து சேருகிறது. கதவைத் திறந்தால் உள்ளங்கை அளவுள்ள ஒரு கருவியும், அதிலிருந்து கிளம்பும் கம்பிகளும், மின்னும் சிறு விளக்குகளும் தென்படும். இக்கருவியை பி.எல்.சி. என்று அழைக்கிறார்கள். எது நடந்தால் எது இயங்க வேண்டும் என்ற கட்டளைகளை நினைவில் வைத்துக்கொண்டு, அதன்படி இயந்திரத்தை ஓட்டுவதும் நிறுத்துவதும் இதன் வேலை.

பெட்டி திறக்கப்பட்டதும் நம் அங்கத்தினர்கள் இரண்டடி பின்வாங்கி நிற்பதைக் காண்கிறோம். இது படித்தவர்கள் சமாசாரம் என்ற எண்ணமே அதற்குக் காரணம். ஆனால் இந்த எண்ணத்துக்கு நாம் கொடுக்கும் விலை கொஞ்சமன்று. முப்பது விநாடி என்று இருப்பதை நாற்பது விநாடி ஆக்குவதற்குக் கூட நகரத்திலிருந்து ஆள் வர வேண்டும். அவர் வரும் வரையில் கரும்புக்குத் தண்ணீர் காத்திருக்க வேண்டும். வந்த பிறகு அவர் என்ன செய்தார் என்பதும் நமக்குத் தெரியாது. ஸ்டார்ட்டரின் உட்புறத்தை ஒருமுறை கவனித்துப் பார்த்த எவரும் இந்தக் கட்டளைகளைப் படிக்கவும் எழுதவும் பழகலாம் என்பதே நம் துணிபு. அதற்கான முதற் பாடத்தை இங்கே தருகிறோம்.

நெசவாளர்களுக்கு இது புதிய வித்தையே அன்று. பிரான்சு தேசத்தின் லியோன் நகரில் ஜோசப் மரி ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டில் அமைத்த தறியில், எந்த ஊடைக்கு எந்தப் பாவு இழை தூக்கப்பட வேண்டும் என்பதைத் துளையிட்ட அட்டைகள் தீர்மானித்தன. துளை உண்டு என்றால் ஒரு செயல், இல்லை என்றால் மற்றொன்று. இதைக் கண்டே இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தம் கணக்கிடும் இயந்திரத்துக்கும் அட்டைகளை வகுத்தார். ஆக, விழுப்புரத்தை அடுத்த சிறுவந்தாட்டில் பட்டு நெய்யும் அங்கத்தினர் ஒருவர், அட்டை வரிசையைப் பார்த்தே அடுத்து வரப்போகும் பூவைச் சொல்வாரானால், அவர் நிரல் படிக்கத் தெரிந்தவரே. பெயர்தான் அவருக்குத் தெரியாது.

வேளாண்மை செய்வோருக்கு வேறொரு வழியில் இது அறிமுகமானது. அமெரிக்காவில் 1968-ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் ஒரு குறையை வெளியிட்டனர். மோட்டார் வண்டியின் மாதிரி மாறும்போதெல்லாம் தொழிற்சாலையில் நூற்றுக்கணக்கான ரிலேக்களின் கம்பிகளைக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கிறதே, இதற்கு மாற்று இல்லையா என்பதே அது. டிக் மார்லி என்ற பொறியாளரும் அவருடைய கூட்டாளிகளும் ‘மாடிகான் 084’ என்ற கருவியைச் செய்து அளித்தனர். அவர்களுடைய ஸ்தாபனத்தின் எண்பத்து நான்காவது வேலை அது. ஆகவே அந்த எண். அத்தகைய கருவிகளுக்கு வாய்த்த எழுத்து முறையின் சிறப்பு யாதெனில், மின்சார வேலைக்காரர் வரைந்து பழகிய ரிலே வரைபடமே கட்டளை எழுதும் மொழியாக வைத்துக்கொள்ளப்பட்டதுதான். இரண்டு நெடுங்கோடுகள், அவற்றின் நடுவே படிகள், பார்வைக்கு ஏணி. அதனால் ஏணிப் படம் எனப்படுகிறது. இன்றும் உலகெங்கும் சிறு கருவிகளுக்கு இந்தப் படத்தையே வரைகிறார்கள்.

பழகுவதற்குக் கருவியை வாங்க வேண்டியதில்லை. ஒரு கணினியும் தகுந்த மென்பொருளும் போதும். டெல்டா நிறுவனத்தின் சிறு கருவிகளுக்கான ‘டபிள்யூ.பி.எல். சாப்ட்’ கட்டணமின்றிக் கிடைக்கிறது. கருவி இல்லாமலே கட்டளையை ஓட்டிப் பார்க்கும் ஒத்திகை வசதியும் அதில் உண்டு. சீமென்ஸ் நிறுவனம் 1996-இல் கொண்டுவந்த ‘லோகோ’ என்ற சிறு கருவிக்கும் அதற்குரிய மென்பொருளில் ஒத்திகை உண்டு. ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் எழுதியது மற்றொன்றின் கருவியில் நேரே ஏறாது. எனினும் ஏணிப் படத்தின் கருத்து எங்கும் ஒன்றே. இப்பாடத்தில் டெல்டா முறையின் எழுத்துகளைக் கையாளுகிறோம். அம்முறையில் உள்ளே வரும் செய்திகளுக்கு எக்ஸ், வெளியே போகும் ஆணைகளுக்கு ஒய், நேரம் அளப்பதற்கு டி, எண்ணுவதற்கு சி என்று பெயர். எக்ஸ் 7-க்கு அடுத்தது எக்ஸ் 10 ஆகும். எட்டும் ஒன்பதும் விடுபட்டிருப்பது அச்சுப் பிழையன்று; எட்டெட்டாக எண்ணும் முறை அது.

இனி நம் கிணற்று ஸ்டார்ட்டரை நினைவுக்குக் கொண்டுவருவோம். பச்சைப் பொத்தானை அமுக்கினால் சுருளுக்கு மின்சாரம் செல்கிறது, கான்டாக்டர் இழுத்துக்கொள்கிறது, மோட்டார் ஓடுகிறது. விரலை எடுத்த பிறகும் அது நிற்பதில்லை. ஏன்? கான்டாக்டர் இழுக்கும்போதே அதனுடன் ஒரு சிறு கான்டாக்டும் மூடி, பச்சைப் பொத்தானுக்குப் பக்க வழியாக நின்று, சுருளுக்கு மின்சாரத்தைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருக்கிறது. சிவப்புப் பொத்தானோ, மிகுசுமை ரிலேயோ அந்த வழியைத் துண்டித்தால் யாவும் விடுபடுகின்றன. இந்த ஒரு பிடிப்பு விளங்கிவிட்டால் ஏணிப் படத்தில் பாதி விளங்கிவிட்டது.

இதையே படத்தில் எழுதுவோம். பச்சைப் பொத்தான் எக்ஸ் 0, சிவப்புப் பொத்தான் எக்ஸ் 1, மிகுசுமை ரிலே எக்ஸ் 2, மூன்று முனையும் சரியாக உள்ளதா என்று காட்டும் முனை காக்கும் ரிலே எக்ஸ் 3, கான்டாக்டரை இழுக்கும் ஆணை ஒய் 0 எனக் கொள்வோம். முதற் படியில் இடப்புறம் எக்ஸ் 0. அதற்கு இணையாகக் கீழே ஒய் 0. இவை சேர்ந்த பின் வரிசையாக எக்ஸ் 1, எக்ஸ் 2, எக்ஸ் 3. வலக்கோடியில் ஒய் 0-வின் சுருள். அதாவது, பச்சை அமுக்கப்பட்டாலோ, மோட்டார் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தாலோ, நிறுத்து என்று எவரும் சொல்லாத வரையில், சுமையும் முனையும் சரியாக இருக்கும் வரையில், மோட்டார் ஓடட்டும். படத்தை இப்படி வாக்கியமாகப் படித்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

இவ்விடத்தில்தான் புதியவர்கள் அனைவரும் ஒருமுறை தடுமாறுகிறார்கள். சிவப்புப் பொத்தான் மூடிய வகையைச் சேர்ந்தது, அமுக்கும்போதுதான் திறக்கும். ஆகவே படத்திலும் மூடிய கான்டாக்டின் சின்னத்தைப் போட வேண்டும் என்று எண்ணுவது இயல்பு. அது தவறாகும். பொத்தானை எவரும் தொடாத நேரத்தில் அதன் வழியே மின்சாரம் கருவிக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. கருவியைப் பொறுத்த வரையில் எக்ஸ் 1 உயிருடன் இருக்கிறது. எனவே படத்தில் திறந்த கான்டாக்டின் சின்னமே பொருந்தும். மூடிய சின்னத்தைப் போட்டால், சிவப்பை அமுக்கிப் பிடித்திருக்கும் வரையில்தான் மோட்டார் ஓடும் என்ற விசித்திரம் நேரும்.

அப்படியானால் திறந்த வகைப் பொத்தானையே சிவப்புக்கும் வைத்துவிட்டால் குழப்பம் இராதே என்று சிலர் கேட்கலாம். மோட்டார் கொட்டகையில் எலி இருக்கிறது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். எலி கம்பியைக் கடித்துத் துண்டித்தால், மூடிய வகைப் பொத்தானில் மோட்டார் உடனே நின்றுவிடும். பழுதை நாம் அறிந்துகொள்வோம். திறந்த வகையிலோ, மோட்டார் பாட்டுக்கு ஓடும். ஆபத்து வந்து சிவப்பை அமுக்கும் அன்றுதான் அந்தப் பொத்தான் செத்துப் போயிருப்பது தெரியவரும். நிறுத்தும் பொத்தானை மூடிய வகையாகவே அமைக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. அவசர நிறுத்தப் பொத்தானும் மிகுசுமை ரிலேயும் கருவியின் புத்தியை நம்பி நில்லாமல், கான்டாக்டர் சுருளின் கம்பியையே நேராகத் துண்டிக்கும்படி இருக்க வேண்டும். கருவிக்கு அவை செய்தி சொல்வது கூடுதல் வசதி மாத்திரமே.

இப்பொழுது ஒத்திகை. மென்பொருளில் படத்தை வரைந்து, ஒத்திகையைத் துவக்கி, எக்ஸ் 0-வை உயிர்ப்பித்தால் ஒன்றும் நடவாது. உடனே சோர்ந்துவிட வேண்டாம். நிலத்தில் கம்பிகள் கொடுக்கும் செய்தியைக் கணினியில் நாம்தான் கொடுக்க வேண்டும். எக்ஸ் 1, 2, 3 மூன்றையும் முதலில் உயிர்ப்பித்துவிட்டு, பிறகு எக்ஸ் 0-வைத் தொட்டு விடுங்கள். ஒய் 0 எரியும், எரிந்துகொண்டே இருக்கும்.

அடுத்தது, மின்சாரம் போய் வந்தால் மோட்டார் தானே ஓடும் ஏற்பாடு. மும்முனை மின்சாரம் இரவில் வரும் நாட்களில் வரப்பு வழியே பாம்புக்குப் பயந்து நடந்து போய்ப் பொத்தானை அமுக்கியவர்களுக்கு இதன் அருமையை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தானியங்கு, கையியக்கம் என்று இருநிலை கொண்ட திருகு சுவிட்சை எக்ஸ் 4 எனக் கொள்வோம். இரண்டாம் படியில் எக்ஸ் 3, எக்ஸ் 4, கோடியில் டி 0 என்ற கடிகாரம், அதற்கு கே 300 என்ற அளவு. முந்நூறு என்பது முந்நூறு விநாடி அன்று. இக்கடிகாரம் விநாடியில் பத்தில் ஒரு பங்கை ஓர் அலகாகக் கொள்கிறது. ஆகவே கே 300 என்பது முப்பது விநாடி. கே 30 என்று எழுதிவிட்டு, மூன்றே விநாடியில் மோட்டார் கிளம்புகிறதே என்று திகைப்பவர்கள் உண்டு.

எதற்காக இந்தத் தாமதம்? நேரே துவக்கும் மோட்டார் கிளம்பும்போது வழக்கத்தைப் போல் ஐந்தாறு மடங்கு மின்சாரம் இழுக்கும். ஒரே டிரான்ஸ்பார்மரில் பத்துக் கிணறுகள் இருந்து, பத்தும் ஒரே கணத்தில் கிளம்பினால் மின்னழுத்தம் படுத்துவிடும். எந்த மோட்டாரும் ஒழுங்காக எழாது. சுருள் கருகுவதும் உண்டு. ஒருவர் முப்பது விநாடி, அடுத்தவர் நாற்பது, அதற்கடுத்தவர் ஐம்பது என்று தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டால் இத்தொல்லை இல்லை. தாம் வைத்த விநாடியைத் தாமே மாற்றத் தெரிந்தவர்களால்தான் இத்தகைய உடன்பாட்டைச் செய்துகொள்ள முடியும்.

கடிகாரம் முடிந்ததும் மோட்டார் கிளம்ப வேண்டும். ஆகவே முதற் படியில் எக்ஸ் 0-வுக்கு இணையாக டி 0-வையும் சேர்த்துவிடலாம் என்று தோன்றும். சேர்த்து, ஒத்திகை பாருங்கள். முப்பது விநாடியில் ஒய் 0 எரிகிறது, மகிழ்ச்சிதான். இப்போது எக்ஸ் 1-ஐ அணைத்து, அதாவது சிவப்பை அமுக்கி, மறுபடி விடுங்கள். விட்ட மறுகணமே ஒய் 0 மீண்டும் எரிகிறது! காரணம் எளிது. கடிகாரம் முடிந்தது முடிந்ததாகவே இருக்கிறது. டி 0 மூடியே நிற்கிறது. சிவப்பிலிருந்து விரலை எடுத்ததும் வழி திறந்துவிடுகிறது. சிவப்பை அமுக்கிவிட்டு, மோட்டார் நின்றது என்று நம்பி, இணைப்புச் சக்கரத்தின் மேல் கை வைத்த மனிதரை நினைத்துப் பாருங்கள். கணினியில் இது ஒரு சிறு விளக்கு எரிவது. கொட்டகையில் ஒருவருடைய கை. ஒத்திகையின்றி எந்தக் கட்டளையையும் கருவியில் ஏற்றலாகாது என்று நாம் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

திருத்தம் ஒரே ஒரு சின்னத்தில் இருக்கிறது. டி 0-வுக்குச் சாதாரண கான்டாக்டைப் போடாமல், எழும் கணத்தில் மட்டும் ஒருமுறை மூடித் திறக்கும் கான்டாக்டைப் போட வேண்டும். மேல்நோக்கிய அம்புக்குறியுடன் அது கிடைக்கும். அப்போது கடிகாரம் முடியும் கணத்தில் ஒரு தட்டு தட்டும். பிடிப்பு கான்டாக்ட் அதைப் பற்றிக்கொள்ளும். பிறகு சிவப்பை அமுக்கினால் நின்றது நின்றதுதான். மின்சாரம் போய் மறுபடி வந்தால் கடிகாரம் புதிதாக ஓடி, புதிதாகத் தட்டும். சிவப்பால் நிறுத்தியிருந்தாலும் அப்போது மோட்டார் கிளம்பிவிடும் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆகவே பழுது பார்ப்பவர் திருகு சுவிட்சைக் கையியக்கத்துக்குத் திருப்பி, மெயின் சுவிட்சையும் இறக்கிப் பூட்டிய பிறகே மோட்டாரைத் தொட வேண்டும். ஒரே சுருளை இரண்டு படிகளில் எழுதுவதும் கூடாது. கருவி மேலிருந்து கீழாகப் படித்துச் செல்வதால் கடைசிப் படி சொன்னதே நிலைக்கும்; மேற்படி வீணாகும்.

ஒத்திகை தேறியபின் கருவியில் ஏற்றுவது. இங்கே தடை ஏற்பட்டால் அநேகமாகக் கட்டளையில் குற்றமில்லை, இணைப்பில்தான் இருக்கும். கணினிக்கும் கருவிக்கும் இடையே உள்ள கேபிளுக்குக் கணினி ஒரு வாயில் எண்ணைக் கொடுத்திருக்கும். மென்பொருளில் அதே எண்ணைத் தெரிந்தெடுக்க வேண்டும். இருபுறமும் பேசும் வேகமும் ஒத்திருக்க வேண்டும். டெல்டாவின் டி.வி.பி. வரிசையில் ஆலையிலிருந்து வரும்போது வேகம் 9600, பிட் 7, இரட்டைச் சரிபார்ப்பு, முடிவு 1 என்று இருக்கும். கருவியின் வெளியீட்டில் மோட்டாரை நேரே பூட்டலாகாது என்பதையும் சொல்லி வைக்கிறோம். அது கான்டாக்டரின் சுருளை, அல்லது இடையில் ஒரு ரிலேயை, இழுப்பதற்கே ஆனது. கம்பி வேலையை உரிமம் பெற்ற வயர்மேனிடமே விடுங்கள்; நாம் கற்பது கட்டளை எழுதுதல்.

அடுத்துச் சொல்லப் போவதைச் சங்கச் செயலாளர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஜக்கார்டு அட்டையை அடித்துக் கொடுத்தவரிடமே அட்டையை விட்டு வைக்கும் சங்கம் உண்டா? கூலி கொடுத்தோம், அட்டை நம்முடையது என்று அலமாரியில் வைத்துப் பூட்டுகிறோம். ஆனால் பெட்டி வாங்கும்போது, உள்ளே உள்ள நிரலைப் பற்றி எவரும் கேட்பதில்லை. விற்றவர் கடவுச்சொல்லிட்டுப் பூட்டியிருப்பார். மூலக் கோப்பு அவருடைய கணினியில் இருக்கும். அவர் தொழிலை விட்டுவிட்டால் அதுவும் போயிற்று. கருவியிலிருந்து நிரலைத் திரும்ப எடுக்க முடிந்தாலும், எந்தக் கான்டாக்ட் எதற்கு என்று எழுதிவைத்த குறிப்புகள் பல கருவிகளில் உடன் வருவதில்லை. குறிப்பில்லாத நிரல் விலாசமில்லாத கடிதத்தைப் போன்றது. ஆகவே கொள்முதல் உத்தரவிலேயே, குறிப்புகளுடன் கூடிய மூலக் கோப்பும், கடவுச்சொல்லும், ஏற்றும் கேபிளும் சரக்குடன் ஒப்படைக்கப்பட வேண்டும், அவற்றைப் பெற்ற பிறகே கடைசித் தவணை கொடுக்கப்படும் என்று எழுதிவிட வேண்டும். மற்ற நிபந்தனைகளைத் தளர்த்தினாலும் இதைத் தளர்த்த வேண்டாம் என்பது நம் அபிப்பிராயம்.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்தில் ஊர்களும் வயல்களும் வெள்ளத்தில் மூழ்கின. நனைந்த பழைய ஸ்டார்ட்டரைக் கழற்றி உலர்த்தி மாட்டிவிடலாம். மின்னணுக் கருவி சேற்று நீரில் முழுகினால் பெரும்பாலும் புதிதுதான் வாங்க வேண்டும். கோப்பு கையில் இருப்பவருக்கு அது அரை மணி வேலை. இல்லாதவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதுவிக்க வேண்டும். கோப்பின் ஒரு பிரதியைச் சங்க அலுவலகத்திலும், மற்றொன்றை வேறு ஊரிலும் வையுங்கள். ஏணிப் படத்தைக் காகிதத்தில் அச்சிட்டுப் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் புதிய எண் கொடுங்கள். திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தார் தம் ரகங்களுக்கு டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று பெயரிட்டு வந்ததை நிலக்கடலை விதைப்போர் அறிவர். எது பழையது, எது புதியது என்பதில் ஐயமே எழாது. ‘பம்பு 1’, ‘பம்பு 2’ என்று அதே வழியில் வைத்துக்கொண்டால் போதும். ‘புதியது’, ‘கடைசி’ என்றெல்லாம் பெயரிட்ட கோப்புகளில் எது கடைசி என்று கண்டவர் இல்லை.

தனியே பழகத் தயங்குவோர் அருகிலுள்ள அரசு ஐ.டி.ஐ.யில் விசாரிக்கலாம். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களைப் புதிய தொழில்நுட்ப மையங்களாக உயர்த்தும் திட்டம் 2,877 கோடி ரூபாய் மதிப்பில் மேற்கொள்ளப்பட்டு, 2023 முதல் அம்மையங்கள் திறக்கப்பட்டன. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரிகள் உள்ளன. அங்கே படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளை விடுமுறையில் ஒரு நாள் சங்கத்துக்கு அழைத்து உட்கார வைத்தாலும் காரியம் நடக்கும்.

நெசவாளர்களுக்கென ஒரு பயிற்சி. பாவு ஓட்டும் டிரம்மின் சுற்றளவு 2.6 மீட்டர் எனக் கொள்வோம். நான்கு புடவைக்குச் சேதாரம் உட்பட 26 மீட்டர் பாவு வேண்டும். எனவே பத்துச் சுற்று. டிரம் ஒருமுறை சுற்றும்போது ஒரு சென்சார் எக்ஸ் 5-ஐத் தட்டுகிறது. சி 0 என்ற எண்ணிக்கு கே 10 கொடுத்து, அது நிறைந்ததும் ஒய் 0 நிற்கும்படி எழுத வேண்டும். இப்போது சி 0-வின் கான்டாக்டுக்கு மூடிய சின்னம்தான் பொருந்தும்; காரணத்தை மேலே சொன்னவற்றிலிருந்து கண்டுகொள்ளலாம். நிறைந்த எண்ணி தானே சுழிக்குத் திரும்பாது. எக்ஸ் 6 என்ற பொத்தானை அமுக்கினால் சுழியாகும்படி இன்னொரு படி வேண்டும். ஏழாவது சுற்றில் மின்சாரம் நின்றுவிட்டால் சாதாரண எண்ணி ஏழையும் மறந்துவிடும். மறவாத எண்ணிகள் தனி எண்களில் உள்ளன. உங்கள் கருவியின் கையேட்டில் அந்த எண்ணைத் தேடி எடுத்து, சி 0 உள்ள இடங்களிலெல்லாம் அதை எழுதிக்கொள்ளுங்கள்.